மெயின் ஆஃப் பண்ணியும் நியூட்ரல் பாரில் டெஸ்டர் எரியுது. எங்கிருந்து வருது?

உறையூர்க்காரன்:

வணக்கம். ஒரே கட்டடம்தான், ஆனா கீழ் வீட்டுக்கு 3 ஃபேஸ் சர்வீஸ், மாடி வீட்டுக்குத் தனி சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ். மீட்டரும் தனித்தனி. கீழ் டிபி (எல்லா லைனும் பிரியற பெட்டி) பழசு, ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா வெட்டற சுவிட்ச்) கிடையாது. 4 போல் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு வாங்கியாச்சு, போடணும். பாத்ரூம் கீசரோட 16 ஆம்பியர் சாக்கெட்டும் கருகிப் போயிருக்கு, அதையும் சேர்த்து மாத்தணும்.

கீழ் மெயின் 63 ஆம்பியர் 4 போல் ஐசொலேட்டர் (கையால போடற மெயின் சுவிட்ச்). அதை ஆஃப் பண்ணிட்டு டெஸ்டர் வெச்சுப் பார்த்தா யூபிஎஸ் லைன்ல (இன்வெர்ட்டர் வழியா போற லைன்) நல்லாவே எரியுது. சரின்னு இன்வெர்ட்டர் முன்பக்க சுவிட்சையும் ஆஃப் பண்ணினா யூபிஎஸ் லைன் அணையுது, ஆனா டிபியில நியூட்ரல் பார்ல (நியூட்ரல் வயர் எல்லாம் சேர்ற உலோகப் பட்டை) மங்கலா எரியுது. மெயின் ஆன்ல இருக்கும்போது அதே நியூட்ரல் பார்ல எரியறதில்லை! இதுதான் புரியலை.

இன்வெர்ட்டர் 900 விஏ, 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி. சோலார், ஜெனரேட்டர் எதுவும் இல்லை. வேலைக்கு வர்ற எலக்ட்ரீஷியன் "அது ரிட்டர்ன் கரண்ட், மங்கலா எரிஞ்சா ஒண்ணும் பண்ணாது, ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு மாட்டிடலாம்"னு சொல்றார். அப்படி விடலாமா? டிபியைத் தொடறதுக்கு முன்னாடி என்னென்ன உறுதி பண்ணணும்?

மதுரை வயர்மேன்:

சார், உங்க வீட்டுல மெயினை ஆஃப் பண்ணினதாலதான் அந்த ரெண்டு இடத்துலயும் கரண்ட் வருது.

யூபிஎஸ் லைன் விஷயம் சுலபம். மெயினை இறக்கினா இன்வெர்ட்டருக்கு அது பவர் கட். கண் இமைக்கிறதுக்குள்ள பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டைப் போட்டுடும். முன்பக்க சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணினா பேக்கப் நிக்கும், ஆனா மெயின் ஆன்ல இருந்தா கரண்ட் உள்ளே இருக்கிற ரிலே வழியா நேரா வெளியே போயிடும். அதனால யூபிஎஸ் லைன்ல கை வைக்கணும்னா மெயினும் ஆஃப் ஆகணும், முன்பக்க சுவிட்சும் ஆஃப் ஆகணும், இன்வெர்ட்டரோட இன்புட் பிளக்கும் வெளியே வரணும். டிபி வேலை மணிக்கணக்குல போகும்னா பேட்டரி நெகட்டிவ் கேபிளையும் கழட்டிடுங்க. ஸ்பேனர் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுத்தணும். மோதிரம், காப்பு, கழுத்துச் செயின் எல்லாம் கழட்டி வெச்சிடணும். 12 வோல்ட்தானேன்னு நினைக்கக் கூடாது. அந்த பேட்டரி ஷார்ட் ஆனா ஆயிரம் ஆம்பியருக்கு மேல தள்ளும், மோதிரம் விரலோட பழுத்துடும்.

நியூட்ரல் பார்தான் உங்க கேள்வியில முக்கியம். மெயின் ஆன்ல இருக்கும்போது அந்த பார் சர்வீஸ் நியூட்ரலோட, அதாவது டிரான்ஸ்ஃபார்மர்ல எர்த் பண்ணின புள்ளியோட கட்டியிருக்கு. அதனால டெஸ்டர் எரியாது. உங்க ஐசொலேட்டர் 4 போல், நியூட்ரலையும் சேர்த்து வெட்டும். வெட்டின நொடியிலிருந்து பார் அந்தரத்துல தொங்குது. அப்ப வேற எங்கிருந்தாவது ஒரு ஃபேஸ் ஏதோ ஒரு பல்பு வழியா அந்த பாருக்கு வந்தா அங்கேயே நிக்கும்.

ரெண்டு சர்வீஸ் இருக்கிற வீட்டுல அந்த "வேற எங்கிருந்தாவது" பத்துக்கு ஒன்பது தடவை படிக்கட்டு லைட்தான். மாடி சுவிட்ச் பாக்ஸ்ல மாடி மீட்டரோட ஃபேஸை எடுத்திருப்பாங்க, நியூட்ரலைக் கீழ் பாக்ஸ்ல பக்கத்துல கிடந்ததுலேர்ந்து எடுத்திருப்பாங்க. ஒரு வயர் மிச்சம். லைட்டும் எரியும், யாருக்கும் தெரியாது. நீங்க கீழ் மெயினை இறக்கினதும் மாடி ஃபேஸ் அந்த பல்பு வழியா இறங்கி உங்க நியூட்ரல் பார்ல உக்காந்துடுது.

படிக்கட்டு லைட்டை ஆஃப் பண்ணிட்டு மறுபடி வெச்சுப் பாருங்க. அணைஞ்சா திருடன் அகப்பட்டான். அணையலைன்னாலும் படிக்கட்டை விட்டுடாதீங்க, மாடி மெயினையும் இறக்கிப் பாருங்க.

இனி அந்த "மங்கலா எரிஞ்சா ஒண்ணும் பண்ணாது". நியான் டெஸ்டர் உள்ளே ஏறக்குறைய 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கு. 230 வோல்ட்ல அது விடற கரண்ட் 0.2 மில்லி ஆம்பியர் சுமார். பின்னாடி நிக்கிறது வெறும் காற்று வழி இண்டக்‌ஷனா, 60 வாட் பல்பா, 16 ஆம்பியர் லைனானு அந்த வெளிச்சத்தை வெச்சு சொல்லவே முடியாது. குண்டு பல்பு 60 வாட்னா எரியும்போது 260 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஈரக் கையோட உடம்பு சுமார் 1000 ஓம்னு வெச்சா, அந்த பல்பு வழியா வர்ற கரண்ட்டே உடம்புல 100 மில்லி ஆம்பியரைத் தாண்டும். 10 மில்லி ஆம்பியர் சுமாருக்கே பிடிச்ச கை விடாது. ரப்பர் செருப்பு பாதுகாப்புக் கருவியே இல்லை, அடியில ஈரம், ஓட்டை, ஆணி இருந்தா முடிஞ்சுது. ஒரு கை ஃபேஸ்லயும் இன்னொரு கை எர்த் பார்லயும் இருந்தா கால்ல என்ன போட்டிருந்தாலும் ஒண்ணுதான்.

மெகர்500:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். சோதிக்கும் முறை பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் டெஸ்டர் எரியவில்லை என்பதும் எதையும் நிரூபிக்காது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றால் எரியாது, மரப் பலகை மேல் நின்றால் எரியாது, வெயில் அடிக்கும் வராந்தாவில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தொடாமலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டர் இதைவிட மோசம். வயர் எங்கே போகிறது என்று தேட மட்டுமே அது.

மல்டிமீட்டர் எடுங்கள். கேட்டகிரி 3, 600 வோல்ட் என்று உடம்பில் அச்சிட்டதாக இருக்கட்டும், ப்ரோப் வயரில் வெடிப்பு இருக்கக் கூடாது. சிவப்பு ப்ரோப் ஆம்பியர் துளையில் இல்லை என்பதை ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஆம்பியர் துளையில் வைத்து வோல்ட்டேஜ் பார்ப்பது நேரடி ஷார்ட், மலிவு மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

வரிசை இப்படி. முதலில் எல்லாம் ஆன் நிலையில், ஃபேஸுக்கும் எர்த் பாருக்கும் நடுவே அளந்து 230 சுமார் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உங்கள் எர்த்தே அறுந்திருக்கிறது. அந்த எர்த்தை வைத்துப் பின்னால் அளக்கும் ஒவ்வொரு பூஜ்யமும் பொய். எர்த் சரி என்று தெரிந்த பிறகு கீழ் மெயின், மாடி மெயின், இன்வெர்ட்டர் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். மறுபடி, உயிருள்ளது என்று தெரிந்த ஓர் இடத்தில் (பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்தாலும் சரி) மீட்டரை வைத்து அது வேலை செய்வதை உறுதி செய்யுங்கள். அப்புறம் டிபியில், ஐசொலேட்டருக்குக் கீழே. 3 ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று 5 புள்ளிகள், இரண்டிரண்டாகச் சேர்த்தால் 10 ஜோடி. பத்தையும் அளக்க வேண்டும். பலரும் ஃபேஸ்–நியூட்ரல் மூன்றை மட்டும் பார்த்து நிறுத்திவிடுவார்கள். உங்கள் கோளாறு நியூட்ரல்–எர்த் ஜோடியில்தான் தெரியும். முடித்ததும் மீட்டரை மறுபடி உயிருள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் மீட்டர் பேட்டரியோ ஃப்யூஸோ போயிருந்தால் அந்தப் பத்துப் பூஜ்யங்களும் மீட்டர் செத்ததால் வந்தவை.

டிஜிட்டல் மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம். ஒரே பைப்பில் பக்கத்தில் ஓடும் வயரின் தயவிலேயே 60, 90 வோல்ட் காட்டும். அது பேயா ஆளா என்று தெரிய டெஸ்ட் லாம்ப் போடுங்கள். பேய் வோல்ட்டேஜ் என்றால் பல்பைக் கோத்த உடனே மீட்டரில் பூஜ்யத்துக்கு விழும். 3 ஃபேஸ் டிபியில் ஒற்றைப் பல்பு வேண்டாம், தவறி இரண்டு ஃபேஸுக்கு நடுவே வைத்தால் 400 வோல்ட்டுக்கு மேல் வந்து பல்பு தெறிக்கும். ஒரே வாட் உள்ள இரண்டு குண்டு பல்பைச் சீரிஸில் கட்டி, கூண்டு போட்டுப் பயன்படுத்துங்கள். எல்இடி பல்பு டெஸ்ட் லாம்ப்புக்கு ஆகாது. அதற்கு எரிய வேண்டிய கரண்ட் மிகக் குறைவு, பேய்க்கும் மினுங்கும்.

இன்னொன்று, ஐசொலேட்டர் ஆஃப் ஆனாலும் அதன் மேல் டெர்மினல்கள் உயிருடன்தான் இருக்கும். மீட்டரிலிருந்து வரும் வயர் அது. ஆர்சிசிபியை ஐசொலேட்டருக்குக் கீழே மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவர் அந்த மேல் டெர்மினலைத் தொடும் தூரத்தில் இருந்தால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லிக் கம்பத்தில் அல்லது கட்அவுட்டில் (மீட்டருக்கு முன்னால் உள்ள வாரியத்தின் ஃப்யூஸ்) சப்ளையை எடுக்கச் சொல்லுங்கள். வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-லும் பதியலாம். மீட்டர் சீலையோ வாரியத்தின் கட்அவுட்டையோ நீங்கள் தொடக் கூடாது, எலக்ட்ரீஷியனும் தொடக் கூடாது.

டிபி வேலையை உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரின் ஆள், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகளிலும் உண்டு. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றுவதற்கு மட்டும் விலக்கு. கருகிய சாக்கெட்டை அதே மாதிரி மாற்றலாம், ஆர்சிசிபி சேர்ப்பது அதில் வராது. வருபவரிடம் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உறையூர்க்காரன்:

ரொம்ப நன்றி. வயர்மேன் சான்று உள்ள வேறொருத்தரைக் கூப்பிட்டு நீங்க சொன்ன வரிசையில பார்த்தாச்சு.

கீழ் மெயின் ஆஃப், இன்வெர்ட்டர் ஆஃப், படிக்கட்டு லைட் ஆன்: நியூட்ரல்–எர்த் 200-க்கு மேல. லைட் ஆஃப் பண்ணினா 40 சுமார் காட்டுது, டெஸ்ட் லாம்ப் வெச்சதும் பூஜ்யம். மாடி மெயினை இறக்கினா லாம்ப் இல்லாமலே 2, 3 வோல்ட்தான்.

அப்புறம் எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டு, கீழ் எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் ஆனா வெட்டற சுவிட்ச்) எல்லாம் ஆஃப்ல வெச்சு மெயின் நியூட்ரல்ல க்ளாம்ப் மீட்டர் (வயரைச் சுத்திக் கவ்வி கரண்ட் அளக்கறது) மாட்டினார். படிக்கட்டு லைட் போட்டா 0.07 ஆம்பியர், அணைச்சா 0. பல்பு 9 வாட் எல்இடி. ஆக படிக்கட்டுதான். இதை எப்படி சரி பண்றது? பைப் பழசு, புது வயர் போகுமானு சந்தேகம். இதைச் சரி பண்ணாம ஆர்சிசிபி மட்டும் போட்டா என்ன ஆகும்?

மதுரை வயர்மேன்:

போட்ட அன்னைக்கு ராத்திரி யாராவது படிக்கட்டு லைட்டைப் போடுவாங்க, வீடு முழுக்க இருட்டாகும். ஆர்சிசிபி பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: போனது அத்தனையும் திரும்பி வந்துச்சா. உங்க விஷயத்துல ஃபேஸ் மாடி மீட்டர்ல போகுது, நியூட்ரல் கீழ் ஆர்சிசிபி வழியா திரும்புது. கீழ் ஆர்சிசிபி கணக்குல 70 மில்லி ஆம்பியர் ஏறுமாறு. 30-ல கட்டாயம் விழணும் (தானா ஆஃப் ஆகணும்), 15-க்கு மேல எங்க வேணும்னாலும் விழலாம். 9 வாட் எல்இடிக்கு 40 மில்லி ஆம்பியர்தானே வரணும்னு கேப்பாங்க, எல்இடி டிரைவருக்கு பவர் ஃபேக்டர் மோசம் (வாட் கணக்கைவிடக் கூட கரண்ட் இழுக்கும்), 70 வர்றது சாதாரணம்.

இந்த இடத்துலதான் "ஆர்சிசிபி கெட்டுப்போச்சு, எடுத்துட்டு நேரா கொடுத்துடலாம்"னு ஆரம்பிப்பாங்க. நிறைய வீட்டு டிபியில ஆர்சிசிபி பொம்மை மாதிரி உக்காந்திருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

சரி பண்ற வழி: படிக்கட்டு லைட்டுக்கு ஃபேஸும் நியூட்ரலும் ஒரே சர்வீஸ்லேர்ந்து வரணும். மாடி ஃபேஸ்னா மாடி நியூட்ரலை 1 சதுர மில்லிமீட்டர் கருப்பு வயர்ல பல்பு ஹோல்டர் வரைக்கும் இழுங்க. பல்பு மாடி பாக்ஸ் பக்கமா இருந்தா வேலை சுலபம். கீழ் பாக்ஸ்ல இருந்த பழைய நியூட்ரலை எடுத்து முனையை கனெக்டர்ல மூடி டேப் சுத்திடுங்க, தொங்க விடாதீங்க. பைப்ல வயர் ஏறலைன்னா மல்லுக்கட்டாதீங்க, பழைய வயரோட தோல் உரிஞ்சா அது அடுத்த வியாதி. டூவே சுவிட்சையே (மேலேர்ந்தும் கீழேர்ந்தும் ஒரே லைட்டைப் போடற ஜோடி) விட்டுட்டு, மாடி சர்வீஸ்லேர்ந்து மட்டும் ஆள் நடந்தா எரியற சென்சார் பல்பு ஒண்ணு போட்டுடுங்க.

சுவிட்ச் பாக்ஸைத் திறந்ததும் இதைப் பாருங்க. சரியான டூவேன்னா ஒரு சுவிட்சோட நடு டெர்மினலுக்கு ஃபேஸ், ரெண்டு சுவிட்சுக்கும் நடுவே ரெண்டு வயர், அடுத்த சுவிட்சோட நடு டெர்மினல்லேர்ந்து பல்பு, பல்போட மறு முனை நியூட்ரல். சில பழைய வீட்டுல வயர் மிச்சம் பிடிக்க ரெண்டு சுவிட்சுக்கும் ஆளுக்கொரு ஃபேஸும் நியூட்ரலும் இறக்கி, பல்பை ரெண்டு நடு டெர்மினலுக்கும் குறுக்கே கட்டியிருப்பாங்க. அந்த மாதிரியில பல்பு அணைஞ்சிருக்கும்போதே ஹோல்டரோட ரெண்டு பின்லயும் ஃபேஸ் இருக்கலாம். உங்க வீட்டுல ரெண்டு சர்வீஸ்னால ரெண்டும் வேற வேற ஃபேஸாவும் இருந்துட்டா பல்புக்குக் குறுக்கே 400 வோல்ட் வரும். பல்பு மாத்தப் போறவன் சுவிட்ச் ஆஃப்தானேன்னு கை வைப்பான். அப்படி இருந்தா முழுக்கப் பிரிச்சு மறுபடி வயர் பண்ணணும், ஒட்டுப் போடக் கூடாது.

இந்த வேலை நடக்கும்போது ரெண்டு மெயினும் ஆஃப்ல இருக்கணும். ரெண்டு குடித்தனம் இருக்கிற வீட்டுல யாராவது "என்ன கரண்ட் இல்லை"ன்னு போய் மெயினைத் தூக்கிடுவாங்க. எம்சிபிக்கு மாட்டற சின்ன லாக் கிடைக்குது, மாட்டிப் பூட்டி சாவியை வேலை செய்யறவர் பைல போட்டுக்கணும். லாக் இல்லைன்னா நெம்புகோல் மேல டேப் ஒட்டி, "ஆள் வேலை செய்றார்"னு எழுதித் தொங்க விட்டு, வாசல்லயே ஒருத்தரை உக்கார வைங்க. பழைய பீங்கான் ஃப்யூஸ்னா கேரியரை உருவி சட்டைப் பைல போட்டுக்கறதைவிட நல்ல லாக் கிடையாது. உக்கார வெச்ச ஆளுக்கும் ஒண்ணு சொல்லி வைங்க: யாரையாவது கரண்ட் பிடிச்சா முதல்ல மெயின், அது முடியலைன்னா காய்ஞ்ச மரக்கட்டையால தள்ளணும், வெறுங்கையால இழுக்கக் கூடாது. மூச்சு இல்லைன்னா 108-க்குச் சொல்லிட்டு உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கணும், நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120 தடவை, 5 செ.மீ. ஆழம் இறங்கணும், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது.

கோவை பேனல்:

இன்வெர்ட்டரை யாரும் முடிச்சு வைக்கலை. மெயின்ல 4 போல் ஆர்சிசிபி போட்டீங்கன்னு வைங்க. யூபிஎஸ் லைன்ல லீக்கேஜ் வந்து அது ட்ரிப் ஆகுது. இன்வெர்ட்டருக்கு அது இன்னொரு பவர் கட்! அதே லீக்கேஜ் உள்ள லைனுக்கு பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டைப் போட்டுக் கொடுக்கும். அதனால இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்குத் தனியா 2 போல் 25 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேணும். அதுக்கு யூபிஎஸ் நியூட்ரலைத் தனி பாருக்குப் பிரிக்கணும். ரா லைன் (இன்வெர்ட்டர் வழியா போகாத நேர் லைன்) நியூட்ரலும் யூபிஎஸ் நியூட்ரலும் ஒரே பார்ல கலந்திருந்தா ரெண்டாவது ஆர்சிசிபி நிக்கவே நிக்காது, விழுந்துக்கிட்டே இருக்கும். எந்த ஃபேஸ் எந்த ஆர்சிசிபி வழியா போச்சோ அதோட நியூட்ரல் அதே ஆர்சிசிபிக்குத் திரும்பணும், அவ்வளவுதான் சூத்திரம்.

மாட்டும்போது சில விஷயம். ஆர்சிசிபி ஓவர்லோடுக்கோ ஷார்ட்டுக்கோ விழாது, அதுக்கு முன்னாடி 32 ஆம்பியர் 4 போல் எம்சிபி இருக்கட்டும். 'என்'னு போட்டிருக்கிற போல்லதான் நியூட்ரல் வரணும். நியூட்ரல் ஸ்க்ரூவை ரெண்டு தடவை இறுக்கிப் பாருங்க, வயரைப் பிடிச்சு இழுத்தும் பாருங்க. 3 ஃபேஸ்ல நியூட்ரல் லூஸானா ட்ரிப் ஆகாது, ஆனா லோடு குறைவா இருக்கிற ஃபேஸ்ல வோல்ட்டேஜ் 300, 350-ன்னு ஏறி டிவி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் சார்ஜர் எல்லாம் ஒரே நேரத்துல போகும். அதே காரணத்துக்காக மெயின் ஆன்ல இருக்கும்போது நியூட்ரல் பார்ல ஒரு ஸ்க்ரூவைக்கூட லூஸ் பண்ணாதீங்க.

மெயினைப் போடறதுக்கு முன்னாடி 500 வோல்ட் மெகர்ல (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்து எர்த்துக்கு எதிரா பார்க்கச் சொல்லுங்க. 1 மெகா ஓமுக்கு மேல இருக்கணும். இன்வெர்ட்டர், எல்இடி, ரெகுலேட்டர் எல்லாத்தையும் கழட்டிட்டுப் பண்ணணும், இல்லைன்னா மெகரே அதுங்களை முடிச்சிடும்.

கீசர் சாக்கெட் கருகினதுக்குக் காரணம் லூஸ்தான். 2000 வாட்னா 9 ஆம்பியருக்குள்ளதான் எடுக்குது, நல்ல 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது ஒண்ணுமே இல்லை. பின் தளர்ந்ததோ, டெர்மினல்ல இழை பாதி வெளியே நிக்கிறதோ இருக்கும். வயர் நுனி கருப்பா, மொறுமொறுன்னு ஆகியிருந்தா பளபளன்னு செம்பு தெரியற வரைக்கும் வெட்டிட்டு மாட்டுங்க. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இல்லைன்னா சாக்கெட் மாத்தி பிரயோஜனம் இல்லை. முடிஞ்சா சாக்கெட்டே வேண்டாம், 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் (ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் வெட்டறது) பாத்ரூமுக்கு வெளியே.

மாடி சோலார்:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். 5 கிலோவாட் ஆன்கிரிட் சோலார் (மின்வாரிய லைனோடு இணைந்தது) இருக்கும் வீட்டில் இதே வேலை என்றால்? மெயின் ஆஃப் செய்தால் சோலார் தானாக நின்றுவிடும்தானே?

மெகர்500:

ஏசி பக்கம் நிற்கும். கிரிட் இல்லை என்று கண்டவுடன் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் வெளியே தள்ளுவதை நிறுத்திவிடும், ஆனாலும் சோலார் ஏசி ஐசொலேட்டரையும் இறக்கிப் பூட்டிவிட்டு 10 ஜோடிகளையும் அளந்துகொள்ளுங்கள். டிசி பக்கம் நிற்காது. 540 வாட் பேனல் ஒன்றுக்குத் திறந்த நிலையில் 49 வோல்ட் சுமார், பத்தைச் சீரிஸில் கோத்தால் 490 வோல்ட் டிசி, வெயில் இருக்கும்வரை. அதை அணைக்க சுவிட்ச் கிடையாது, டிசி ஐசொலேட்டர் தனக்குக் கீழே உள்ளதைத்தான் வெட்டும். லோடு ஓடும்போது பேனல் கனெக்டரை உருவினால் பொறி அணையாமல் நீண்டுகொண்டே போகும். ஏசி போல நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடாததால் டிசி பொறிக்குத் தானாக அணையத் தெரியாது. முதலில் ஏசி, பிறகு டிசி ஐசொலேட்டர், க்ளாம்ப் மீட்டரில் டிசி கரண்ட் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கனெக்டர்.

உறையூர்க்காரன்:

படிக்கட்டு முடிஞ்சுது, மாடி நியூட்ரல் பைப்ல ஏறிடுச்சு. மெகர் 3 மெகா ஓம். ஆர்சிசிபி ரெண்டும் மாட்டியாச்சு. ஆனா கீசர் சாக்கெட்டைக் கழட்டினா, எர்த் பின்னுக்கு பச்சை வயரே வரலை. நியூட்ரல் டெர்மினல்லேர்ந்து ஒரு விரல் நீளத்துக்குக் கருப்பு வயர் துண்டு எர்த் பின்னுக்குப் போகுது. இது எதுக்கு?

மதுரை வயர்மேன்:

எர்த் இருக்கிற மாதிரி காட்டறதுக்கு. அதை இப்பவே வெட்டி எடுங்க. எர்த் வயர் வர்ற வரைக்கும் கீசர் ஓடக் கூடாது.

அந்தத் துண்டால கீசர் டேங்க்கும் நியூட்ரலும் ஒண்ணாயிடுச்சு. அந்த பாக்ஸ்லயோ டிபியிலயோ நியூட்ரல் ஒரு இடத்துல விட்டுப் போனா, ஃபேஸ் எலிமென்ட் வழியா வந்து டேங்க்ல நிக்கும். டேங்க்லேர்ந்து குழாய், குழாய்லேர்ந்து தண்ணி. உங்க வீட்டுல இதைவிட மோசம்: இத்தனை நாளா கீழ் மெயினை ஆஃப் பண்ணி, யாராவது படிக்கட்டு லைட்டைப் போட்டிருந்தா, மாடி ஃபேஸ் நியூட்ரல் பாருக்கு வந்து இந்தத் துண்டு வழியா கீசர் டேங்க்குக்கே போயிருக்கும். கீழே எல்லாம் ஆஃப், மாடியில ஆர்சிசிபி கிடையாது. வெட்ட ஆளே இல்லை. மாடி டிபிக்கும் 2 போல் 30 மில்லி ஆம்பியர் ஒண்ணு போட்டுடுங்க.

மத்த சாக்கெட்லயும் இந்தத் துண்டு இருக்கானு பார்க்க ஒவ்வொண்ணையும் கழட்ட வேண்டாம். ரெண்டு மெயின், இன்வெர்ட்டர் எல்லாம் ஆஃப், 10 ஜோடியும் பூஜ்யம்னு பார்த்துட்டு, நியூட்ரல் வயர்களை பார்லேர்ந்து எடுத்துட்டு, ஒவ்வொரு சாக்கெட்லயும் நியூட்ரல்–எர்த் ஓம் பாருங்க. பூஜ்யத்துக்குப் பக்கத்துல காட்டற சாக்கெட்டை மட்டும் திறந்தா போதும். எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வயருக்கும் நம்பர் ஒட்டுங்க, யூபிஎஸ் நியூட்ரல் மறுபடி ரா பாருக்குப் போயிடக் கூடாது.

கோவை பேனல்:

எர்த்துக்கு பச்சை 2.5 சதுர மில்லிமீட்டர், டிபி எர்த் பார்லேர்ந்து நேரா சாக்கெட்டுக்கு, நடுவுல ஜாயின்ட் இல்லாம. மாட்டினதும் சாக்கெட் எர்த் பின்னுக்கும் எர்த் பாருக்கும் 1 ஓமுக்குள்ள இருக்கணும், மீட்டர் ப்ரோப்போட சொந்தத் தடை 0.2, 0.3-ஐக் கழிச்சுக்கோங்க.

எர்த் குழியும் நல்லா இருந்தாதான் மீதி. குழி 5 ஓம் இருந்தா ஃபேஸ் பாடியில ஒட்டினாலும் 46 ஆம்பியர்தான் ஓடும். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ 80-லேர்ந்து 160 வேணும், 46-க்கு அது சூடாகி விழ ஒரு செகண்டும் ஆகலாம், ஒரு நிமிஷமும் ஆகலாம். அவ்வளவு நேரம் டேங்க் உயிரோட இருக்கும். அந்த வேலையை ஆர்சிசிபி 40 மில்லி செகண்டுக்குள்ள முடிச்சிடும். அதனால மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. அமுக்கி விழலைன்னா அன்னைக்கே மாத்தணும். யூபிஎஸ் பக்கத்து பட்டனையும் தனியா அமுக்கணும், மெயின்ல இருக்கிறதை அமுக்கினா அது விழாது.